மறுமொழி: குளிசைக்கு அடிமையாகும் பையன், நம்பும்படி எழுதுவது எப்படி?

வணக்கம். உங்கள் கதையில், திருகோணமலை உப்புவெளியில் பந்து விளையாடிக் கால் முறிந்த 17 வயதுப் பையன், டாக்டர் எழுதிய டிரமடோல் என்ற வலிக் குளிசையை இரண்டு நாள் போட்டுவிட்டு மூன்றாம் நாள் திருடப் போகிறான். வாசித்தவர்கள் நம்பவில்லை என்கிறீர்கள். நானும் நம்பவில்லை. அது ஓபியாய்டு, அதாவது அபின் போல வேலை செய்யும் வகை மருந்து, உடல் அதற்குப் பழகக் கிழமைக்கணக்கில் ஆகும். முதலில் வலிக்காகப் போடுவான், பிறகு நித்திரைக்காக, பிறகு டியூஷனுக்குப் போகுமுன் மனம் லேசாக இருக்கட்டும் என்று. கதையே அந்த இடைப்பகுதிதான், நீங்கள் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

கிடைக்காத நாளில் அவனைக் கத்த வைக்காதீர்கள். கொட்டாவி, மூக்கொழுகல், வியர்வை, வயிற்றோட்டம், கால் உளைவு. அம்மா டெங்கு என்று பயந்து இரத்தம் சோதிக்க இழுத்துக்கொண்டு போவார். எங்கள் ஊரில் எந்த அம்மாவும் முதலில் அதைத்தான் நினைப்பார்.

உட்துறைமுக வீதி இருட்டில் நின்று குளிசை விற்கும் அந்த வியாபாரியும் தேவையில்லை (அவர் சினிமாவிலிருந்து வந்தவர்). அம்மம்மாவுக்கு மூட்டுவலிக்கு எழுதிக்கொடுத்த குளிசைப் பை அலுமாரியிலேயே இருக்கலாமே? குறைவதைக் கண்டும் அவர் பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது.

மற்றது, கோணேசர் சந்நிதியில் சத்தியம் செய்து ஒரே நாளில் குளிசையை விடுவதாக வரும் கதை முடிவை நீக்கிவிடுங்கள். வைத்தியர் அளவைப் படிப்படியாகத்தான் குறைப்பார், இடையில் திரும்பவும் தொடங்குவது சாதாரணம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 உதவி எண்ணுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டுப் பேசாமல் வைக்கும் காட்சி ஒன்று வரலாம். திருத்தியதைப் போடுங்கள், வாசிக்கிறேன்.