கோவையிலிருந்து சென்னை 400 கிலோமீட்டர்தான். விமானத்துக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

சாலையில் போனால் சுமார் 500 கிலோமீட்டர். வளைவு நெளிவு இல்லாமல் நேராக அளந்தால் ஏறக்குறைய 400. வான்வழித் தூரம் என்பது இதுதான். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். அப்படியானால் அரை மணி நேரம்தானே?

டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. பீளமேட்டில் விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, மீனம்பாக்கத்தில் போய் நிற்கும்வரை எல்லாம் அதில் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டும். சென்னையில் முறை வரும்வரை வானத்தில் சுற்றவும் நேரலாம். முழு வேகம் நடுவில் கொஞ்ச நேரம்தான்.

காந்திபுரத்தில் சேலம் பஸ் ஏறியவர்களுக்குத் தெரியும். ஊருக்குள் சிக்னல் சிக்னலாக நின்று, நீலாம்பூர் தாண்டினால்தான் வண்டி வேகம் பிடித்துப் போகும். நெடுஞ்சாலை வேகத்தை வைத்து மொத்தப் பயணத்தையும் கணக்குப் போட முடியுமா? (விமான நிலையத்துக்கு முன்கூட்டியே போய்க் காத்திருப்பது தனிக் கதை.)

அப்புறம், திரும்பும்போது பூமி சுழன்று கோவையே எதிரே வந்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அப்படி எதுவும் நடக்காது.