ரெகொபெயாமுக்கு வயசு 41

கேள்வி: அக்கா, என் பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம். அஞ்சாறு பேர் செட்டு, ராத்திரி லேட்டா வர்றது, கிரிக்கெட் பெட்டிங் வேற. நீதிமொழிகள் 13:20 "மூடருக்குத் தோழனோ நாசமடைவான்" சொன்னா, "இயேசுவே ஆயக்காரங்களோட உக்காந்து சாப்டாரு, போம்மா"ங்கிறான். என்ன பதில் சொல்றது?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: பையன் பைபிள் வாசிக்கிறானே, முதல்ல அதுக்கு ஒரு ஸ்தோத்திரம்! ஆனா பாதிலயே மூடி வச்சிட்டான் போல. மாற்கு 2 முழுசா வாசிக்கச் சொல்லுங்க, அந்த விருந்துக்கு முன்னாடியே ஆயக்காரன் லேவி, அதாவது வரி வசூலிக்கிறவன், ஆயத்துறைய விட்டு எந்திரிச்சு வந்தாச்சு, சாப்டு முடிச்சிட்டு இயேசு போய் வரி வசூலுக்கு உக்காரல. இவன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த செட்டுல பெட்டிங்க விட்டவன் எவன்னு மட்டும் கேளுங்க, கத்தாம கேளுங்க.

அப்புறம் "சின்னப்பய, சேர்க்க சரியில்ல"ன்னு நாமளே சமாதானம் சொல்லிக்கிறோம்ல, சாலொமோன் ராஜாவோட மகன் ரெகொபெயாம் ராஜாவானப்ப அவனுக்கு வயசு 41ங்க! சீகேம் ஊர்ல ஜனங்க வந்து "உங்கப்பா வச்ச பாரத்த கொஞ்சம் குறைங்க"ன்னுதான் கேட்டாங்க, மூணு நாள் டைம் கேட்டான், பெரியவங்க "நல்ல வார்த்த பேசு, காலத்துக்கும் உனக்கு வேல செய்வாங்க"ன்னாங்க, அது புடிக்கல, கூட வளர்ந்தவங்ககிட்ட போனான், அவங்க "என் சுண்டுவிரல் எங்கப்பா இடுப்ப விட பருமன்னு சொல்லு"ன்னு டயலாக் எடுத்துக் கொடுத்தாங்க (இன்னைக்குன்னா வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வந்திருக்கும்). இவனும் எங்கப்பா சவுக்கால அடிச்சாரு, நான் தேளால தண்டிப்பேன்னு பேசிட்டான். இஸ்ரவேல்ல 10 கோத்திரம் கைய விட்டுப் போச்சு, அனுப்பின அதிகாரி ஆதோராம கல்லெறிஞ்சே கொன்னுட்டாங்க, ராஜா ரதத்துல ஏறி எருசலேமுக்கு ஓட்டம். எடுத்துக் கொடுத்தவங்கள்ல ஒருத்தனுக்காவது ஏதாவது ஆச்சான்னு 1 இராஜாக்கள் 12ல தேடிப் பாருங்க, ஒரு வரி கிடையாது.

பெட்டிங்லயும் அதே கததான். நீதிமொழிகள் 1ல கெட்ட கும்பல் ஒண்ணு கூப்பிடறதே "நம்மெல்லாருக்கும் ஒரே பை இருக்கும்"னுதான், காசு போனா மட்டும் பை தனித்தனி ஆயிரும். அதனால வசனத்த விட்டுட்டு முதல்ல கடன் எவ்ளோ, யார் பேர்ல, லோன் ஆப் எதுலயாவது எடுத்திருக்கானான்னு விசாரிங்க. ஃப்ரெண்ட்ஸ மொத்தமா வெட்டிவிடுன்னு மட்டும் சொல்லாதீங்க, அப்படி எல்லாரையும் ஒதுக்கணும்னா உலகத்த விட்டே போகணும்னு 1 கொரிந்தியர் 5ல அத எழுதின பவுலே சொல்றாரு. அந்த செட்டுல ஒழுங்கா இருக்கிற ஒருத்தன் ரெண்டு பேர் இருப்பான், அவன வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிடுங்க.

கேள்வி: "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்", இது ரீல்ஸ் பாக்குறதுக்கும் வருமா?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தாராளமா வரும். அந்த வசனம் வர்ற 1 கொரிந்தியர் 15 உயிர்த்தெழுதல் பத்தின அதிகாரம், மரிச்சவங்க எழும்ப மாட்டாங்கன்னு சபைக்குள்ளயே பேச்சு ஓடிச்சு, அப்புறமென்ன, "புசிப்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம்"தானேன்னு பவுல் கேட்டுட்டு உடனே இத சொல்றாரு. தெருவுல நின்னு கெடுக்கிற ஆள மட்டும் இல்ல, காதுல விழுந்துட்டே இருக்கிற பேச்சயும் சேத்துதான். ராத்திரி ஃபோன ஹால்ல சார்ஜ் போட்டுட்டுப் படுங்க.