முளையில் இருக்கும் அடையாளம்

கேள்வி: உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரச் சதுரங்கப் பெட்டியைப் பழைய பொருள் விற்பவரிடம் வாங்கினேன். கட்டத்துக்கு ஒரு துளை. சிவப்பும் வெள்ளையுமான காய்களின் அடியில் மெல்லிய முளை. ஒரு சிவப்புச் சிப்பாயின் நிறம் மட்டும் மற்றவற்றோடு ஒட்டவில்லை. பித்தளைத் தாழில் எழுத்துகளோடு கூடிய சிறிய சாய்சதுர முத்திரை இருக்கிறது. இதன் வயதை எப்படி அறிவது? இத்தகைய பெட்டிகளைச் சேர்க்க விரும்பினால் எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: நீங்கள் முத்திரையைக் கவனித்ததே பாதி வேலை. அந்தச் சாய்சதுரம் பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை வடிவமைப்புகளைப் பதிவு செய்தபோது வழங்கப்பட்ட குறி. அதன் உச்சியில் உள்ள சிறு வட்டத்தில் ரோமன் எண் இருக்கும். ஒன்று என்றால் உலோகம், இரண்டு என்றால் மரம். வட்டத்துக்கு நேர் கீழே, மேல் மூலையில் எழுத்து இருந்தால் 1842-க்கும் 1867-க்கும் இடைப்பட்ட பதிவு; அங்கே எண்ணும் வலது மூலையில் எழுத்தும் இருந்தால் 1868-க்கும் 1883-க்கும் இடைப்பட்டது. ஆனால் இந்தக் குறி சொல்வது பதிவான நாளை மட்டுமே. அதே அச்சில் பல ஆண்டுகள் கழித்தும் பொருள் செய்திருக்கலாம். மேலும், உங்கள் முத்திரை தாழில் இருப்பதால் அது தாழுக்கு மட்டுமே சாட்சி. பெட்டிக்கும் காய்களுக்கும் வேறு சாட்சி தேட வேண்டும்.

அந்தச் சாட்சி காய்களின் அடியில் இருக்கிறது. பயணச் சதுரங்கத்தைச் செய்த ஒவ்வொருவரும் தீர்க்க முயன்ற சிக்கல் ஒன்றே: வண்டி குலுங்கினாலும் காய் தன் கட்டத்தை விட்டு நகரக் கூடாது. முளையும் துளையும் அதற்கு எளிய விடை. லண்டனின் ஜேக்ஸ் நிறுவனம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்ற ‘இன் ஸ்டேட்டு குவோ’ பலகையில் ஒரு நெம்புகோலை நகர்த்தினால் எல்லாக் காய்களும் ஒருசேரப் பிடிபடும். பாதி ஆட்டத்தில் பலகையை மடித்து வைத்து, மறுநாள் அதே நிலையிலிருந்து தொடரலாம். ஓவியர் மார்செல் டுஷாம்ப் 1943-இல் தோல் பணப்பை போன்ற உறைக்குள் செல்லுலாய்டு என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன காய்களைச் சிறு ஊசிகளால் நிறுத்தி வைத்தார். 1970 ஜூனில் சோயுஸ் 9 விண்கலத்தில் இருந்தவர்கள் பூமியில் இருந்தவர்களோடு ஆடியபோது, காய்கள் பலகையில் வெட்டிய பள்ளங்களின் வழியே நகர்ந்தன. ஒரு பெட்டி அரியதா என்று கேட்டால், நான் குதிரையின் செதுக்கலைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பிடிமானத்தைத்தான் பார்ப்பேன்.

இனி உங்கள் சிப்பாய். எல்லாச் சிவப்புச் சிப்பாய்களையும் தலைகீழாக வரிசையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் முளைகளைப் பாருங்கள். ஒரே கடைசலில் வந்தவை என்றால் முளைகளின் பருமனும், தோள்பட்டைக்குக் கீழே ஓடும் கடைசல் கோடுகளும் ஒத்திருக்கும். நெடுங்காலம் விரல் பட்ட காயில் உச்சியில் சாயம் வெளிறி, கழுத்து மடிப்பில் அடர்ந்து தங்கியிருக்கும். பின்னால் செய்து சேர்த்த காயில் சாயம் எங்கும் ஒரே அளவில் நிற்கும். அடிப்பகுதியில் நுண்ணிய கரும்புள்ளிகளோ கோடுகளோ தெரிந்தால் அது எலும்பு. வில் போன்ற கோடுகள் ஒன்றையொன்று குறுக்கிட்டால் யானைத் தந்தம். தந்தம் என்று தெரிந்தால், வாங்கவோ விற்கவோ எல்லை கடத்தவோ எண்ணுவதற்கு முன் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். பழுக்கக் காய்ச்சிய ஊசியால் சோதிக்கச் சிலர் சொல்வார்கள், செய்யவே செய்யாதீர்கள். காயில் ஆறாத வடு விழும், செல்லுலாய்டாக இருந்தால் தீப்பற்றும். செல்லுலாய்டை விரலால் அழுத்தித் தேய்த்தாலே கற்பூர வாசனை வரும், அது போதும். தண்ணீரும் வேண்டாம். தொடக்க காலத்தில் ஈரத்துணியால் நான் துடைத்த ஒரு சிவப்பு ராணியின் சாயம் துணியோடு வந்துவிட்டது. இன்றும் அது மற்றக் காய்களிடையே வெளிறித் தனியாக நிற்கிறது.

சேர்ப்பதற்கு ஒரே ஒரு பிடிமான முறையைத் தேர்ந்தெடுங்கள். முளை என்றால் முளை, காந்தம் என்றால் காந்தம். அப்போதுதான் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண் பழகும். பிற்காலப் பெட்டிகளில் நாட்டுப் பெயரே காலத்தைக் காட்டிவிடும்: ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1945-க்கும் 1952-க்கும் இடையில், மேற்கு ஜெர்மனி என்றால் 1949-க்கும் 1990-க்கும் இடையில். முப்பத்திரண்டு காய்களையும் எண்ணாமல் எதையும் வாங்காதீர்கள்.

அந்த வேற்றுச் சிப்பாயைச் சாயம் பூசி மற்றவற்றோடு ஒக்கச் செய்ய வேண்டாம். எது வேறு என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். முத்திரையின் நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துகளையும் எண்களையும் அவை இருக்கும் இடத்தோடு வரைந்து அனுப்பினால், தாழ் பதிவான ஆண்டைப் பார்த்து எழுதுகிறேன்.