78,569 பேர் விடைபெற்ற பிறகு: தொலைபேசித் துறை ஆட்குறைப்பு பற்றிய கேள்வி பதில்

முப்பது ஆண்டுகள் எக்ஸ்சேஞ்சுகளிலும் கேபிள் குழிகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் பதில் அளிக்கிறார்.

மன்னார்குடி ஆசிரியை: பி.எஸ்.என்.எல். ஊழியர்களில் பாதிப் பேர் ஒரே நாளில் போய்விட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான் அம்மா. 2019 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மீட்புத் திட்டத்தில், 50 வயது ஆனவர்களுக்கான விருப்ப ஓய்வும் இருந்தது. விண்ணப்பிக்க ஒரு மாதம்தான் அவகாசம். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரில் 78,569 பேர் 2020 ஜனவரி 31 அன்று விடைபெற்றார்கள்.

கோவை மாணவர்: வருவாயில் முக்கால் பங்கு சம்பளத்துக்கே போனால் ஆளைக் குறைக்காமல் என்ன செய்வது?

கணக்கு சரிதான் தம்பி. ஆனால் அந்த விகிதம் எப்படி ஏறியது என்றும் பாருங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி-யுடன் வந்தது. பி.எஸ்.என்.எல். நாடு முழுவதற்குமான தன் 4ஜி சேவையைத் தொடங்கியது 2025 செப்டம்பரில். ஒன்பது ஆண்டு இடைவெளி! வாடிக்கையாளர் போனார், வருவாய் இறங்கியது, சம்பளத்தின் பங்கு தானாக ஏறியது. அதற்கு லைன்மேன் என்ன செய்வார்?

நாகப்பட்டினம் வியாபாரி: முன்பெல்லாம் லைன் கெட்டால் மறுநாளே ஆள் வந்துவிடுவார். இப்போது ஏன் இவ்வளவு தாமதம்?

எக்ஸ்சேஞ்சிலிருந்து கிளம்பும் செம்புக் கேபிள், கேபினெட், பில்லர், டி.பி. பெட்டி என்று வழியில் உள்ள இணைப்புப் பெட்டிகள் எல்லாம் கடந்துதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது. வழியில் எத்தனையோ ஜாயிண்ட். மழை பெய்தால் எந்த ஜாயிண்டில் தண்ணீர் இறங்கும், சாலையை அகலப்படுத்தியபோது எந்தக் குழி தாருக்கு அடியில் போனது, உங்கள் இணைப்பு எந்தக் கம்பி ஜோடி கெட்டு எந்த ஜோடிக்கு மாற்றப்பட்டது என்பதெல்லாம் வரைபடத்தில் பாதிதான் இருக்கும். மீதி லைன்மேனின் தலைக்குள் இருக்கும். நான் பழுது தேடிப் போன நாட்களில் மீட்டரைக் கையில் எடுக்கும் முன்பே, "அந்தப் புளியமரத்தடி ஜாயிண்டைப் பாருங்கள் சார்" என்பார் கூட வந்தவர். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

விருப்ப ஓய்வை நான் குறை சொல்லவில்லை. பலருக்கு அந்தப் பணம் பெண் கல்யாணத்துக்கும் கடனுக்கும் உதவியது. என் ஆற்றாமை வேறு. போகிறவர் வருகிறவரைக் கூட்டிக்கொண்டு ஆறு மாதம் பாதை காட்டியிருக்க வேண்டும். பராமரிப்பு வேலை ஒப்பந்தக்காரர்களிடம் போனது. புதிதாக வந்த பையன் கெட்டிக்காரனாகவே இருந்தாலும், குழி எங்கே என்று தெரியாமல் எங்கே தோண்டுவான்?

சேலம் வாசகி: பன்னிரண்டு நாளாக இணைப்பு இல்லை. யாரிடம் முறையிடுவது?

எந்த நிறுவனமானாலும் புகார் எண் வாங்காமல் விடாதீர்கள். தீரவில்லை என்றால் 30 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்லலாம், கட்டணம் கிடையாது. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர்: நான்கு மாதமாகச் சம்பளம் இல்லை. ஒப்பந்தக்காரர் போனையே எடுப்பதில்லை.

படிக்கும்போதே வேதனையாக இருக்கிறது தம்பி. ஒப்பந்தக்காரர் தராவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. வருகைப் பதிவு, அடையாள அட்டை, பி.எஃப். எண், வேலை ஒதுக்கி வந்த குறுஞ்செய்திகள் அனைத்தையும் நகல் எடுத்து வையுங்கள். மத்திய அரசு நிறுவனத்தின் வேலை என்றால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். தனியாகப் போகாமல், பாதிக்கப்பட்ட எல்லாரும் சேர்ந்து கையெழுத்திடுங்கள்.

புதுச்சேரி வாசகர்: வெளிநாடுகளில் இப்படி நடந்ததுண்டா?

பிரான்சில் இதைவிடக் கொடுமையாக நடந்தது. பிரான்ஸ் டெலிகாம் 2006-இல் தொடங்கி மூன்றே ஆண்டில் 22,000 பேரை வெளியேற்றத் திட்டமிட்டது. தாமாகப் போகாதவர்களை ஊர் மாற்றி, வேலை மாற்றி நெருக்கினார்கள். ஊழியர்கள் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். முன்னாள் தலைவர் திதியே லொம்பார் உள்ளிட்டோரை நீதிமன்றம் 2019 டிசம்பரில் குற்றவாளிகள் என்றது. இங்கே விருப்ப ஓய்வு விண்ணப்பம் முடிந்ததும் அதே மாதம்தான்.

திருவாரூர் தாய்: மகன் ஃபைபர் இணைப்பு வேலைக்குப் போகலாமா?

போகட்டும் அம்மா, ஸ்பிளைசிங், அதாவது ஃபைபர் இழைகளை ஒட்டும் வேலையை, நன்றாகக் கற்றால் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று சேரும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். இடுப்புப் பட்டை தராமல் யாராவது கம்பத்தில் ஏறச் சொன்னால் ஏற வேண்டாம்.