அலையும் சிலந்தியை இனம் காண: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஓநாய்ச் சிலந்தி என்று எடுத்து வைத்ததை டெனிடே (Ctenidae) என்னும் அலையும் சிலந்திக் குடும்பம் என்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?

முகத்தை நேருக்கு நேர் பாருங்கள். கண்கள் கீழிருந்து 2-4-2 என அடுக்கியிருந்தால் டெனிடே. 4-2-2 என்றால் ஓநாய்ச் சிலந்தி. ஐயம் தீராவிட்டால் கால் நுனியைப் பாருங்கள். டெனிடேயில் பொதுவாக இரண்டு நகங்களும் அவற்றின் அடியில் மயிர்க்கற்றையும் இருக்கும். ஓநாய்ச் சிலந்திக்கு மூன்று நகங்கள், கற்றை இல்லை. டார்ச் ஒளியில் கண் மின்னுவதை நம்பாதீர்கள், இரண்டும் மின்னும்.

முதுகுக் கோட்டை வைத்து இனம் சொல்லலாமா?

கூடாது. ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும், ஆல்கஹாலில் வெளுத்தும் போகும். உயிரோடிருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். இனத்தைத் தீர்மானிப்பது ஆணின் பால்ப்பும் (வாயருகே உள்ள, இணைசேர உதவும் உறுப்பு) பெண்ணின் எபிகைனும்தான் (வயிற்றடியில் உள்ள இனப்பெருக்க உறுப்பின் தகடு). குஞ்சு என்றால் பேரினத்தோடு நிறுத்துங்கள், அல்லது கடைசித் தோலுரிப்பு வரை வளர்த்துப் பாருங்கள்.

எபிகைனின் உள்ளமைப்பு தெரியவில்லை. என்ன செய்வது?

நுண்ணிய ஊசியால் சுற்றிலும் அறுத்து எடுத்து, 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போடுங்கள். அடிக்கடி எடுத்துப் பாருங்கள். அதிகம் ஊறினால் மெல்லிய குழாய்கள் கண்ணுக்கே தெரியாமல் போகும். தெளிந்ததும் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, இருபுறமும் வரையுங்கள். பலரும் தவறுவது சாய்வில்: தகடு சற்றே சாய்ந்தால் நடுப்பகுதி குறுகித் தெரியும், இல்லாத 'புது இனம்' பிறந்துவிடும்! கை சுத்திகரிப்பு ஜெல்லில் பதித்தால் அசையாது. திறப்பை இணைசேர்க்கை அடைப்பு (இணைசேர்ந்தபின் அங்கே தங்கும் கட்டி) மூடியிருந்தால் முதலில் அதை நீக்குங்கள். வேலை முடிந்ததும் சிறு குப்பியிலிட்டு அதே சிலந்தியின் உடலோடு வையுங்கள்.

பால்ப் என்றால் இடப்பக்கத்தையே வரைவது வழக்கம். வலதுதான் கிடைத்தது என்றால் படத்தைப் புரட்டி, அதைக் குறிப்பிடுங்கள்.

ஓரிடத்தில் கிடைத்த ஆணும் பெண்ணும் ஒரே இனமா?

இடம் மட்டும் சான்றாகாது. ஒரு காலைக் கழற்றி 95% எத்தனாலில் குளிரில் வைத்து, இனம் காணப் பயன்படும் சிஓஐ (COI) மரபணுவை ஒப்பிடுங்கள். உடலை 75–80 சதவீதத்திலேயே விடுங்கள். அதற்கு மேல் போனால் விறைத்து, தொட்டதும் கால் உதிரும்.

பழைய நூலில் டெனஸ் என்றிருப்பது இப்போது 'போவி' ஆகியிருக்கிறதே?

டெனஸ் 1805இல் வால்கெனர் அமைத்த பேரினம். அதன் மாதிரி இனம் (பேரினப் பெயருக்கு அடிப்படையான இனம்) தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. ஆசியச் சிலந்திகள் பலவற்றையும் அதில்தான் போட்டு வந்தார்கள். 2022இல் சிலந்தி ஆய்வாளர் பீட்டர் யேகர், பாடகர் டேவிட் போவியின் பெயரில் புதுப் பேரினம் அமைத்து, அவற்றில் பலவற்றை அதற்கு மாற்றினார். ஆகவே பெயரிடும் முன் உலகச் சிலந்திப் பட்டியலைப் பாருங்கள். புது இனம் என்றால் ஹோலோடைப் (பெயருக்கு அடிப்படையான ஒற்றை மாதிரி) ஒன்றையும் அது வைக்கப்படும் காப்பகத்தையும் எழுதியாக வேண்டும். மின்னிதழில் மட்டும் வெளியிட்டால் விலங்குப் பெயர்களைப் பதியும் ஜூபேங்க் (ZooBank) தளத்தின் பதிவு எண்ணும் கட்டாயம்.