ஆறு வாரத்தில் கூண்டுக்குள் இறங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். என் தம்பிக்கு 26 வயது. சின்ன வயசில் சிலம்பம், அப்புறம் குத்துச்சண்டை, இப்போது எம்.எம்.ஏ. என்கிற, குத்து, உதை, மல்லுக்கட்டு எல்லாம் கலந்த கூண்டுச் சண்டை. பயிற்சியில் இடது முழங்காலில் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் செய்து ஏழு மாதம் ஆகிறது. என் நகையை அடகு வைத்துத்தான் செலவு பார்த்தோம். இப்போது பெங்களூரில் ஒரு போட்டிக்குக் கூப்பிடுகிறார்கள். இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது. 77 கிலோ இருப்பவன் 70-க்கு இறங்கணுமாம். "வலியே இல்லக்கா, போறேன்" என்கிறான். "போனா இந்த வீட்டுப் படி ஏறாத" என்று அப்பா சொல்லிவிட்டார். ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லை. நான் யார் பக்கம் நிற்க?
- பெயர் வெளியிட வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, இந்தப் போட்டிக்குத் தம்பி போகக் கூடாது. கால் தேறியபின் வருகிற போட்டிக்குத் தாராளமாகப் போகட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த "வலியே இல்லக்கா"தான். என் தம்பியும் இதையேதான் சொன்னான். அவன் கபடி ஆடினவன். ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் மாதம் எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடை. வெளியூர் டீமெல்லாம் வந்திருந்தது. அதற்குள் அவன் மாடிப்படி ஏறினான், பைக் ஓட்டினான், வரப்பில் ஓடிக்கூடப் பார்த்துவிட்டான். எதிலும் வலி இல்லை. "ஒரே ஒரு ரெய்டுண்ணே" என்று இறங்கினான். ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது பாதம் மண்ணில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. கைதட்டிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருத்தன். இரண்டாவது ஆபரேஷனும் ஆயிற்று. இன்றைக்கும் அவனால் சம்மணம் போட்டு உட்கார முடியாது. பந்தியில் அவனுக்கு மட்டும் நாற்காலி போடும்போதெல்லாம் என் உள்ளங்கை கூசுகிறது.

இந்த ஆபரேஷனில் பெரும்பாலும் தொடையின் பின்பக்கத்து நாரையோ, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாரையோ எடுத்து, எலும்பில் துளை போட்டுப் புது ஜவ்வாகப் பொருத்துகிறார்கள். அதில் ரத்த ஓட்டம் புதிதாக ஏற வேண்டும். முதல் சில மாதங்களில் அந்த நார் பலவீனப்பட்டு, அப்புறம்தான் மெல்ல மெல்லத் தேறும். வீக்கமும் வலியும் அதற்கு வெகு முன்பே போய்விடும். 2016-ல் நார்வேயிலிருந்து வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒன்பதாம் மாதம் வரை விளையாட்டுக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போட்டதற்கும் மறுபடி முழங்கால் அடிபடுவது 51 சதவீதம் குறைந்திருந்தது.

போட்டியன்று எட்டரை மாதம் ஆகிவிடும், அரை மாதம்தானே குறைகிறது என்று தம்பி கணக்குச் சொல்வான். போட்டிக்கு ஆறு வாரம் இருக்கிறதென்றால் முழுவேக ஸ்பாரிங்கை, அதாவது ஜோடியோடு மோதிப் பழகுவதை, இந்த வாரமே தொடங்கியாக வேண்டும். கூண்டுக்குள் போவதற்கு முன்பே, ஏழு மாதத்துக் காலை வைத்துக்கொண்டு அவன் தினமும் மல்லுக்கட்டணும். வலக்கைக்காரன் என்றால் அந்த இடதுகால்தான் முன்னால் நிற்கும். கெண்டைக்கால் உதை விழுவதும் அதில்தான், எதிராளி பிடித்து வாரப் பார்ப்பதும் அதைத்தான். வலதுகாலால் சுழற்றி உதைக்கும்போது உடம்புப் பாரம் முழுக்க அந்த முழங்கால் மேல் திரும்பும்.

மாதக் கணக்கு மட்டும் போதாது. இடது தொடையின் பலம் வலது தொடையில் 90 சதவீதமாவது வந்திருக்கணும். ஒற்றைக்காலில் தாவும் தூரமும் அப்படியே. பிசியோதெரபிஸ்ட்டிடம் அளந்து பார்த்து எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

தம்பிக்கு ஜார்ஜ் செயின்ட் பியரைத் தெரியாமலிருக்காது. 2011 டிசம்பரில் அவருக்கும் இதே ஜவ்வுதான் அறுந்தது. அப்போது அவர் யு.எஃப்.சி. என்கிற அமெரிக்க எம்.எம்.ஏ. அமைப்பில் வெல்டர்வெயிட் எடைப் பிரிவின் சாம்பியன். அவசரப்படுத்த எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! அவர் திரும்பியது 2012 நவம்பர் 17-ல், பதினோரு மாதம் கழித்து. மூன்றாம் ரவுண்டில் கார்லோஸ் காண்டிட்டின் உதை தலையில் பட்டுக் கீழே விழுந்தும், எழுந்து ஐந்து ரவுண்டும் ஆடி ஜெயித்தார். இதை அவனிடம் சொல்லுங்கள். நான் சொல்வதைவிட அவர் பேரைச் சொன்னால் காதில் ஏறும்.

அடுத்து அந்த ஏழு கிலோ. கடைசி நாட்களில் தண்ணீரை நிறுத்தி, வியர்த்து இறக்குகிற பழக்கம் இந்த விளையாட்டில் இருக்கிறது. 2015 டிசம்பரில் மணிலாவில் நடக்கவிருந்த போட்டிக்காக அப்படி எடை குறைக்கும்போது யாங் ஜியான் பிங் என்ற சீன வீரர் செத்துப்போனார். வயசு 21. அதன்பிறகுதான் அந்தப் போட்டியை நடத்திய ஒன் சாம்பியன்ஷிப், உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா என்று சிறுநீர் பரிசோதனை செய்யும் முறையையே கொண்டுவந்தது. ஏழு மாதம் சும்மா இருந்த உடம்பை ஆறு வாரத்தில் பிழிய வேண்டாம். 77 கிலோ என்பதே ஒரு எடைப் பிரிவின் எல்லைதான், அதிலேயே ஆடலாம்.

அப்பாவுக்கு வருகிறேன். அவர் கோபத்துக்குள் பயம்தான் இருக்கிறது. ஆனால் "இனி எப்போதுமே கூடாது" என்று அவர் நின்றால், தம்பி சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிடுவான். இது உதவாத விளையாட்டும் இல்லை. உத்தரப்பிரதேசத்தின் புதானாவிலிருந்து வந்த பூஜா தோமர் 2024 ஜூனில் யு.எஃப்.சி.யில் ஜெயித்தார். அங்கே ஜெயித்த முதல் இந்தியப் பெண் அவர். அடுத்த தடவை பிசியோதெரபிக்குப் போகும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகன் ஒற்றைக்காலில் தாவுவதை அவர் பக்கத்திலிருந்து பார்க்கட்டும். பேச்சு தானாக வரும்.

நகையைப் பற்றி ஒரு வார்த்தை. கோபத்தில்கூட அதைச் சொல்லிக்காட்டிவிடாதீர்கள். அந்தக் கடனை அடைக்கத்தான் அவன் அவசரப்படுகிறானோ என்று எனக்குத் தோன்றுகிறது. "நகை மெதுவா மீட்டுக்கலாம்டே, நீ காலைப் பாரு" என்று இன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடுங்கள்.

பெங்களூர்க்காரர்களுக்குத் தம்பியே போன் போட்டு, கால் பரிசோதனை முடிந்தபின் அடுத்த போட்டியில் பேர் சேர்க்க முடியுமா என்று கேட்கட்டும். கூண்டருகே டாக்டர் உண்டா, ஆம்புலன்ஸ் நிற்குமா, அடிபட்டால் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். தொடைப் பலம் எத்தனை சதவீதம் வந்தது என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள் தங்கச்சி, காத்திருப்பேன்.