விஜில் என்றால் காவலா, கண்விழிப்பா?

மதுரையில் எங்கள் வாசகர் வட்டத்துக்கு வருகிறவர்களின் ஆங்கிலச் சந்தேகங்களுக்கு, ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் நான் பதில் சொல்வது வழக்கம். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் 'விஜில்' என்ற ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, திருப்பரங்குன்றம்: சார், விஜில் என்றால் 'காவல்' என்றுதான் படித்தேன். கார்ட், வாட்ச், விஜில் மூன்றும் ஒன்றுதானா?

இல்லைம்மா. கார்ட் என்றால் ஒன்றுக்குத் தீங்கு வராமல் காப்பது. வாட்ச் என்றால் கண் வைத்துக்கொண்டிருப்பது. விஜிலின் உயிரோ தூங்காமல் இருப்பதில் இருக்கிறது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு 'விழித்திருப்பவர்' என்றுதான் பொருள். ரோமானியர் இரவை 4 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் 'விஜிலியா' என்றார்கள். நாம் ஜாமம் என்கிறோமே, அதுபோல. கி.பி. 6-இல் அகஸ்டஸ் பேரரசர் ரோம் நகரத்துக்கு ஒரு படை அமைத்தார். இரவுக் காவல், தீயணைப்பு இரண்டும் அதன் வேலை. அந்தப் படைக்கு 'விஜிலெஸ்' என்று பெயர்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வரும். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார், நள்ளிரவில் மதுரையைக் காக்கும் ஊர்காப்பாளரைப் பாடுகிறார். யானையைப் பார்த்திருக்கும் புலி போன்றவர்கள் என்று சொல்லிவிட்டு, 'துஞ்சாக் கண்ணர்' என்கிறார். துஞ்சுதல் என்றால் தூங்குதல். விஜிலுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியாது. இன்றைய தமிழில் சொல்வதானால் 'கண்விழிப்பு' என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'காவல்' என்று வைத்துக்கொண்டால் பாதி இடத்தில் தடுக்கி விழுவீர்கள்.

விவசாயி, உசிலம்பட்டி: மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் விடிய விடிய முழித்திருப்போம். அது விஜிலா?

ஆமாம், சரியான விஜில். தேவாலயங்களிலும் பண்டிகைக்கு முந்தின இரவு விழித்திருந்து ஜெபிப்பதற்கு இதே பெயர். ஈஸ்டருக்கு முந்தின இரவு நடப்பது ஈஸ்டர் விஜில். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரியே வைகைக் கரையில் துண்டை விரித்துக் காத்திருக்கிறார்களே, அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் தூக்கம் வராமல் பாயில் புரளுவது விஜில் ஆகாது. வழிபாடு, துக்கம், ஒருவருக்காகக் காத்திருப்பது என்று ஏதாவது ஒன்று நம்மை விழிக்க வைக்க வேண்டும்.

பள்ளி மாணவர், செல்லூர்: இன்விஜிலேட்டர் என்பதில் 'இன்' இருக்கிறதே, கண்காணிக்காதவர் என்றா அர்த்தம்?

நல்ல கேள்வி தம்பி. 'இன்கரெக்ட்' என்பதில் உள்ள 'இன்' எதிர்மறை. இந்த 'இன்' அது இல்லை. 'ஒன்றின் மேல்' என்ற பொருளில் வருவது. தேர்வு அறையின் மேல் விழிப்பாக இருப்பவர் இன்விஜிலேட்டர். அமெரிக்காவில் அவரைப் பிராக்டர் என்பார்கள்.

வங்கி ஊழியர், மேலூர்: பேப்பரில் 'போலீஸ் விஜில் தீவிரம்' என்று ஆங்கிலத்தில் போடுகிறார்கள். அது தவறா?

தவறு என்று சொல்ல மாட்டேன். ரோந்து, கண்காணிப்பு என்ற பொருளில் இந்திய ஆங்கிலத்தில் அது ஊறிவிட்டது. ஆனால் லண்டனில் இருப்பவர் விஜில் என்று கேட்டால், மெழுகுவத்தி ஏந்தி அஞ்சலி செலுத்தும் கூட்டம்தான் முதலில் அவர் மனதில் வரும். வெளிநாட்டுக்கு எழுதும்போது பட்ரோல் என்றோ விஜிலன்ஸ் என்றோ எழுதுங்கள். விஜிலன்ஸ் என்பது எச்சரிக்கையோடு இருக்கும் தன்மை. லஞ்சத்தைக் கண்காணிக்க 1964-இல் மத்திய விஜிலன்ஸ் ஆணையம் வந்ததும் அந்தப் பொருளில்தான். அதை அமைக்கச் சொன்ன குழுவின் தலைவர் கே. சந்தானம், நம் தமிழ்நாட்டுக்காரர்.

செவிலியர், அண்ணா நகர்: அம்மா ஐசியூவில் இருந்தபோது 4 ராத்திரி வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தோம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி மகளுக்கு இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். 'வாட்ச்' போதுமா?

போதாதம்மா. அந்த வராண்டாவில் நீங்கள் எதையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பார்க்கவும் விட்டிருக்க மாட்டார்கள். அம்மாவுக்காக விழித்திருந்தீர்கள், அவ்வளவுதான். விஜில் என்ற சொல் இதற்காகவே இருக்கிறது. 'வீ கெப்ட் விஜில் அவுட்சைட் தி ஐசியூ ஃபார் ஃபோர் நைட்ஸ்' என்று எழுதுங்கள். 'கெப்ட்' என்பதை மாற்ற வேண்டாம். 'டிட் விஜில்' என்று எழுதுவதில்லை. அஞ்சலிக் கூட்டம் போல ஊர் கூடி நடத்துவதாக இருந்தால் 'ஹெல்டு எ விஜில்' என்று வரும்.

இளைஞர், வில்லாபுரம்: திருட்டு பயத்தில் எங்கள் தெருவில் முறை வைத்து ராத்திரி சுற்றி வருகிறோம். போலீஸுக்குக் கொடுக்கும் ஆங்கில மனுவில் எங்களை 'விஜிலான்டி குரூப்' என்று எழுதியிருக்கிறேன். சரியா சார்?

மனுவைக் கொடுத்துவிட்டீர்களா? கொடுக்கவில்லை என்றால் உடனே மாற்றுங்கள். ஸ்பானிஷ் மொழியில் விஜிலான்டே என்றால் வெறும் காவல்காரர்தான். ஆங்கிலத்துக்கு வந்தபின் அந்தச் சொல் கெட்டுப்போனது. சட்டத்தைத் தன் கையில் எடுத்து, தானே பிடித்துத் தானே தண்டிப்பவர் என்று ஆகிவிட்டது. நீங்கள் உதவிக்கு நிற்கிறீர்கள். அந்தச் சொல்லோ உங்கள் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பும். 'நெய்பர்ஹுட் வாட்ச்' என்று எழுதுங்கள். அப்புறம், யார் யார் எந்தக் கிழமை சுற்றுகிறீர்கள் என்ற பட்டியலையும் மனுவோடு இணைத்துவிடுங்கள்.